கடையில் பத்து நிமிடம்: மானிட்டரின் படத்தரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

பிப்ரவரி 3, இரவு 9.50 (கேள்வி)

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இரண்டு மானிட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, கம்பெனி லீஸ் முடிந்து வந்த 24 இன்ச் ஐ.பி.எஸ். இன்னொன்று புது 27 இன்ச் வி.ஏ. (ஐ.பி.எஸ், வி.ஏ. என்பவை எல்.சி.டி. பேனல் வகைகள்). இரண்டுமே 1920×1080 பிக்சல். கடைக்காரர் இரண்டிலும் ஒரே 4கே அருவி வீடியோவைப் போட்டுக் காட்டினார், இரண்டுமே சூப்பராகத்தான் தெரிந்தன. வேலை என்று பார்த்தால் பகலெல்லாம் கோடிங், ராத்திரி கொஞ்சம் தமிழில் எழுத்து. கடையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க விட மாட்டார்கள். எதைப் பார்ப்பது? ஐ.பி.எஸ்தான் எப்போதும் மேல் என்கிறார்கள் ஆபீஸில், சரியா?

பிப்ரவரி 3, இரவு 10.35

அருவி வீடியோவை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதில் எது சரியான நிறம் என்று யாருக்கும் தெரியாது, படம் ஓடிக்கொண்டே இருக்கும், பளபளப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். குறை ஒளிந்துகொள்ளத் தோதான இடம் அது. எது எப்படித் தெரிய வேண்டும் என்று முன்பே தெரிந்த படங்கள் வேண்டும். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்.

அதற்கும் முன்னால், திரைக்கு என்ன சிக்னல் போகிறது என்று பாருங்கள். கடை லேப்டாப் பெரும்பாலும் 1366×768 ஆக இருக்கும், மானிட்டரை டூப்ளிகேட் மோடில் சொருகியிருப்பார்கள். அப்போது மானிட்டருக்கும் 1366×768தான் போகும், அதை அது 1920×1080க்கு இழுத்து நிரப்பும். எழுத்து மங்கும், பேனல்மேல் பழி விழும். விண்டோஸ் கீயும் பி-யும் சேர்த்து அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மானிட்டர் மெனுவில் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்று வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் சொல்வதைவிட மானிட்டர் சொல்வதே கணக்கு.

அடுத்தது மெனுவில் ஃபேக்டரி ரீசெட். அதன் பிறகு டைனமிக் கான்ட்ராஸ்ட், எக்கோ, விவிட், கேம் என்று எது எரிந்தாலும் அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட்டும் அணைந்திருக்க வேண்டும். இது முடியாமல் எந்தச் சோதனையும் செல்லாது.

பிப்ரவரி 3, இரவு 11.10

27 இன்ச்சில் 1920×1080 என்பதை முன்பே கவனித்திருக்க வேண்டும். 24 இன்ச்சில் ஒரு பிக்சலின் அகலம் 0.277 மி.மீ. 27 இன்ச்சில் அதே எண்ணிக்கை பிக்சல் என்றால் 0.311. நல்ல பார்வையுள்ள கண் பிக்சல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமலிருக்க முதலாவதுக்குச் சுமார் 95 செ.மீ., இரண்டாவதுக்குச் சுமார் 107 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். நம் மேஜையில் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே இருப்பது 60, மிஞ்சினால் 70 செ.மீ. ஆக இரண்டிலும் பிக்சல் தெரியும், 27இல் கூடுதலாகத் தெரியும். 27 இன்ச்சில் 2560×1440 என்றால் 0.233 மி.மீ., 80 செ.மீ. போதும். 4கே என்றால் 53 செ.மீ.

நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவருக்கு 27 இன்ச் 1920×1080 வேண்டாம் என்பதே என் கட்சி. படம் பார்க்க, கேம் ஆட வாங்குகிறவர் வேறு ஆள்.

பிப்ரவரி 4, காலை 7.20

சோதனைப் படங்களை வீட்டிலேயே செய்துகொண்டு போகலாம், கிம்ப் என்ற இலவசப் படச் செயலி போதும். எல்லாம் 1920×1080 அளவில், பி.என்.ஜி கோப்பாக. ஜேபெக் வேண்டவே வேண்டாம், ஒற்றைப் பிக்சல் கோடுகளைக் குழப்பிவிடும். பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கித்தான் தரும்.

கறுப்புப் படம்: பின்னணி 0,0,0 (மதிப்பு 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை). அதன்மேல் பெரிய சதுரங்கள், சாம்பல் மதிப்பு 1, 2, 3 என்று 10 வரை, பிறகு 15, 20. விளக்கைக் குறைத்துப் பார்த்தால் நல்ல திரையில் 3 அல்லது 4இலிருந்தே சதுரம் தெரியத் தொடங்கும். 10 வரைக்கும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் எங்கேயோ கறுப்பு நசுங்குகிறது.

வெள்ளைப் படம்: பின்னணி 255, சதுரங்கள் 254இலிருந்து 245 வரை. 250க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளையாகக் கலந்தால் கான்ட்ராஸ்டைப் படிப்படியாகக் குறைத்து, சதுரங்கள் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் சிக்கல் வேறிடத்தில். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சாய்வுப் படம்: இடமிருந்து வலமாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு. சாம்பலில் பச்சையோ ரோஸோ எட்டிப் பார்க்கிறதா, பட்டை பட்டையாகத் தெரிகிறதா என்பதற்கு. 1920 பிக்சலில் 256 படிதான் என்பதால் ஒவ்வொரு படியும் ஏழரைப் பிக்சல் அகலம் இருக்கும், மெல்லிய சீரான படிகள் தெரிவது குற்றமில்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும் தடித்துத் தெரிந்தால்தான் குற்றம்.

முழு நிறங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு, அவற்றோடு சாம்பல் 128, சாம்பல் 60.

ஒற்றைப் பிக்சல் சதுரங்கம்: ஃபில்டர்ஸ், ரெண்டர், பேட்டர்ன், செக்கர்போர்டு, அளவு 1. நிறம் கறுப்பும் சாம்பல் 128உம். எல்.சி.டி. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மின்னழுத்தத்தின் துருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், ஒரே துருவத்தில் வைத்தால் திரவப் படிகம் கெடும் என்பதால். அந்தச் சமநிலை சரியாக இல்லாத பேனலில் இந்தப் படம் துடிக்கும், அல்லது கோடுகள் ஊர்வதுபோலத் தெரியும். லேசான துடிப்பு நல்ல பேனலிலும் உண்டு. இதற்காக மட்டும் ஒரு மானிட்டரை ஒதுக்க வேண்டாம்.

பிப்ரவரி 4, காலை 7.45

காமா படம் விட்டுப்போனது, அதுதான் இருப்பதிலேயே உருப்படியானது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதன் அளவுதான் காமா.

2 பிக்சல் உயரம், 1 பிக்சல் அகலத்தில் ஒரு படம். மேல் பிக்சல் கறுப்பு, கீழ் பிக்சல் வெள்ளை. ஃபில்டர்ஸ், மேப், டைல் வழியாக அதை 1920×1080க்கு நிரப்புங்கள். திரை முழுக்கப் படுக்கைக் கோடுகள் வரும். அதன்மேல் மூன்று பட்டைகள்: சாம்பல் 174, 186, 191.

இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அல்லது கண்ணைச் சற்று மங்கவிடுங்கள். கோடுகள் கலந்து ஒரு சாம்பலாகும். அந்தச் சாம்பலோடு எந்தப் பட்டை கரைகிறதோ அதுதான் திரையின் காமா. 174 கரைந்தால் 1.8, படம் வெளுத்துத் தெரியும். 186 என்றால் 2.2, வேண்டியது இதுவே. 191 என்றால் 2.4, நிழல் பகுதிகள் இருண்டுவிடும். கறுப்பும் வெள்ளையும் பாதிப்பாதி கலந்தால் வெளிச்சமும் பாதி. 0.5ஐ காமாவின் தலைகீழ் அடுக்குக்கு ஏற்றி 255ஆல் பெருக்கினால் வருவதுதான் இந்த எண்கள். நிற்கோடு வேண்டாம், படுக்கைக் கோடே இருக்கட்டும். நிற்கோட்டில் கேபிளின் குறையும் துணைப்பிக்சலும் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகள்) சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் நிபந்தனை, படம் 100 சதவீத அளவில் தெரிய வேண்டும். விண்டோஸில் ஸ்கேலிங் 125 என்று வைத்திருந்தால் பிரவுசரும் படத்தை இழுக்கும், கோடு கோடாக அலை அடிக்கும். அதைப் பார்த்து மானிட்டரைத் திட்டாதீர்கள்.

பிப்ரவரி 4, பிற்பகல் 1.05 (அல்சூர் வாசகர்)

இவ்வளவு எதற்கு? யூடியூபிலேயே மானிட்டர் டெஸ்ட் வீடியோ கிடைக்கிறதே.

பிப்ரவரி 4, பிற்பகல் 1.30

செத்த பிக்சல் தேட அது போதும், ஒற்றை நிறம் வந்தால் சரி. மற்றதற்கு ஆகாது. ஓடும் வீடியோவில் நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் இருக்கும், அதன்மேல் சுருக்கம் வேறு. ஒற்றைப் பிக்சல் கோடு அதில் பிழைக்காது. சாய்வில் தெரியும் பட்டைகள் பேனலுடையதா வீடியோவுடையதா என்றும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4, இரவு 9.15

வெள்ளைச் சதுரம் எவ்வளவு குறைத்தும் வரவில்லை என்றால் எச்.டி.எம்.ஐ வரம்பைச் சந்தேகப்படுங்கள். டி.வி. உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0, 255. இரு முனையும் ஒரே பேச்சைப் பேச வேண்டும்.

கணினி 16-235 அனுப்பி, மானிட்டர் 0-255 என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகி, மொத்தப் படமும் சாம்பல் பூத்துக் கிடக்கும். மாறாக, கணினி 0-255 அனுப்பி மானிட்டர் 16-235 என்று எடுத்துக்கொண்டால் 16க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு, 235க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. ‘கான்ட்ராஸ்ட் செம்மையா இருக்கு’ என்று பலர் பாராட்டுவது இந்த இரண்டாவது கோளாறைத்தான்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்று இருக்கும், ஃபுல் என்று வையுங்கள். ஏ.எம்.டி-யில் பிக்சல் ஃபார்மேட், ஆர்.ஜி.பி. ஃபுல். இன்டெலில் குவான்டைசேஷன் ரேஞ்ச். மானிட்டர் மெனுவிலும் எச்.டி.எம்.ஐ பிளாக் லெவல் போன்ற பெயரில் ஒன்று ஒளிந்திருக்கலாம்.

டி.வி.யையே மானிட்டராக வைத்திருப்பவர்கள் கூடுதலாக, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து எழுதிப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கரைந்தால் நிறத் தகவல் குறைவாகத்தான் போகிறது. இன்புட்டின் பெயரைப் பி.சி. என்று மாற்றினால் பல டி.வி.களில் சரியாகும்.

பிப்ரவரி 4, இரவு 9.40

வி.ஜி.ஏ. கேபிள் என்றால் கதை வேறு. அது அனலாக், பிக்சல் எங்கே தொடங்குகிறது என்று மானிட்டர் ஊகிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை நிற்கோடுப் படத்தைப் போட்டுப் பாருங்கள். அகலப் பட்டைகளாக அலை தெரிந்தால் கிளாக் தவறு, மொத்தமும் ஒரே சீராக மங்கினால் ஃபேஸ் தவறு. அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டே ஆட்டோ பட்டனை அழுத்துங்கள். வெறும் டெஸ்க்டாப்பை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ள அதற்குப் போதிய விளிம்பு கிடைக்காது.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்லும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’க்கு (கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்) பட்டன் வைத்துக் கொடுத்த ஒரே சாதனம் இதுதான். டிஜிட்டல் கேபிளில் அந்தப் பட்டனுக்கு வேலையில்லை.

பிப்ரவரி 5, காலை 8.00

ஐ.பி.எஸ் எப்போதும் மேலா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை.

வி.ஏ.வின் கான்ட்ராஸ்ட் சுமார் 3000:1, ஐ.பி.எஸ் சுமார் 1000:1. இருட்டறையில் படம் பார்த்தால் வி.ஏ.வின் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஐ.பி.எஸ்ஸில் கரிச்சாம்பல். பகல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகும், ஏனென்றால் திரையில் விழும் அறை வெளிச்சமே கறுப்பைத் தூக்கிவிடுகிறது.

வி.ஏ.வின் கோளாறு இரண்டு. நேராகப் பார்க்கும்போது ஆழ்ந்த நிழல்கள் கறுப்போடு ஒட்டிக்கொள்ளும், தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் எட்டிப் பார்க்கும். கறுப்புச் சதுரப் படத்தில் இது உடனே தெரியும். இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். கறுப்பிலிருந்து கரிச்சாம்பலுக்கு மாற வி.ஏ. பிக்சல் அதிக நேரம் எடுக்கும். கறுப்புத் தீமில் கோடிங் செய்துகொண்டு ஸ்க்ரோல் செய்தால் எழுத்துக்குப் பின்னால் கருமையான வால் இழுபடும், சில திரைகளில் ஊதா நிறத்தில். கடையில் நோட்பேடில் நாலு வரி எழுதி, கறுப்புத் தீமுக்கு மாற்றி, ஜன்னலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. ‘1 மில்லி செகண்ட்’ ஸ்டிக்கர் இதைச் சொல்லாது.

டி.என். என்ற இன்னொரு பேனல் வகை என்றால் கீழேயிருந்து பாருங்கள், படம் இருண்டு நிறம் தலைகீழாகும். இன்றைக்கும் மலிவு மாடல்களில் உண்டு.

பிப்ரவரி 5, இரவு 10.20 (கே.ஆர். புரம் வாசகர்)

என் ஐ.பி.எஸ்ஸின் வலது கீழ் மூலையில் வெள்ளையாக ஒழுகுகிறது. போட்டோ எடுத்துப் பார்த்தால் பயங்கரமாக இருக்கிறது. மாற்றித் தருவார்களா?

பிப்ரவரி 5, இரவு 10.50

போட்டோவை நம்ப வேண்டாம். ஃபோன் கேமரா இருட்டைப் பார்த்ததும் நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்து, இருப்பதைப் பல மடங்காக்கும். எந்த மானிட்டரும் அதில் பயங்கரமாகத்தான் தெரியும்.

முதலில் அது ஒழுக்கா, ஐ.பி.எஸ் குளோவா என்று பிரியுங்கள். கறுப்புப் படம், விளக்கு அணைத்து, மானிட்டரை அரை மணி ஓடவிட்டபின். தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். வெளிச்சம் உங்களோடு நகர்ந்தாலோ, மூலை மாறினாலோ அது குளோ, பேனலின் இயல்பு. இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய் நின்றால் அது வெகுவாகக் குறையும். அங்கிருந்து பார்த்தும் அதே இடத்தில், அதே அளவில், விளிம்பிலிருந்து நாக்கு நீட்டுவதுபோல இருந்தால் ஒழுக்கு. சட்டம் பேனலை ஒருபக்கமாக அழுத்துவதால் வருவது. மாற்றித் தரக் கேட்பதென்றால் இரண்டாவதற்குத்தான் நியாயம் உண்டு, அதுவும் நீங்கள் வழக்கமாக வைக்கும் பிரைட்னஸில் தெரிந்தால்.

பிப்ரவரி 6, காலை 7.30

பிரைட்னஸ் பேச்சு வந்ததால். கடையில் 100இல் இருக்கும். மேஜைக்கு 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) நல்ல தொடக்கம். ராத்திரி மங்கலான அறையில் 80 போதும், கணினி நிறங்களுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. தரநிர்ணயமே 80இல்தான் எழுதப்பட்டது. பகலில் ஜன்னலுக்கு எதிரே என்றால் 200கூட வேண்டியிருக்கும்.

மீட்டர் இல்லாதவர்கள், மேனுவல் மோடு உள்ள கேமரா இருந்தால் போதும். திரையில் முழு வெள்ளை, கேமராவின் சட்டகம் முழுக்க வெள்ளை மட்டும், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/15. இந்த நிலையில் மீட்டர் முள் நடுவில் நின்றால் திரை ஏறக்குறைய 120 நிட்ஸ். 1/30 கேட்டால் 240, 1/8 கேட்டால் 60 சொச்சம். வேகமான ஷட்டர் வேண்டாம், அடுத்த குறிப்பில் காரணம்.

இதையே நீட்டி கான்ட்ராஸ்டும் அளக்கலாம். வெள்ளையை எஃப் 8, 1/15இல் எடுத்தீர்கள். அறையை முழு இருட்டாக்கி, அதே நடுப்பகுதியில் கறுப்புப் படத்தை எஃப் 2.8இல் எடுங்கள். 8 நொடியில் கிட்டத்தட்ட அதே சாம்பல் வந்தால் 1000:1. 25 நொடி ஆனால் 3000:1. 4 நொடியிலேயே வந்தால் 500:1, அந்த ஐ.பி.எஸ் பிரயோஜனமில்லை.

பிப்ரவரி 6, காலை 7.55

துடிப்பு. பல மானிட்டர்கள் பிரைட்னஸைக் குறைப்பதற்குப் பேக்லைட்டை (திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கை) வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. 100இல் துடிப்பு இருக்காது, குறைக்கக் குறைக்கக் கூடும். ஆகையால் கடையில் 100இல் பார்த்துவிட்டுத் தலைவலி வராது என்று முடிவுகட்ட முடியாது. 20க்கு இறக்கி, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பேனாவை விசிறிபோல ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலான வீச்சாகத் தெரிந்தால் துடிப்பில்லை. தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் உண்டு.

கேமராவில் பார்ப்பதென்றால் ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல், திரையில் கறுப்புப் பட்டைகள் வருகின்றனவா என்று. ஆனால் முதலில் கடையின் டியூப்லைட் வெளிச்சம் படாமல் மறையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். சுவரிலும் அதே பட்டை தெரிந்தால் குற்றவாளி விளக்குதான்.

பிப்ரவரி 6, இரவு 9.00

பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படிக்கும் விதம்.

‘1.62 கோடி நிறங்கள்’ என்றிருந்தால் 6 பிட் பேனல், இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டி நடுநிறத்தை உண்டாக்குகிறது. 253ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் கணக்கு அது. 1.67 கோடி என்று போட்டிருந்தாலும் உள்ளே அதே வித்தை இருக்கலாம், அதனால் முன்னது மட்டுமே தகவல். கண்ணுக்குத் தெரிவது அபூர்வம், கரும்சாம்பலில் எறும்பூர்வதுபோல இருந்தால் இதுதான்.

‘178 டிகிரி’ என்பது அந்தக் கோணத்தில் கான்ட்ராஸ்ட் 10:1 மிச்சமிருந்தால் போதும் என்ற அளவுகோல். நிறம் மாறுவதைப் பற்றி அது பேசவே இல்லை.

‘கோடிக்கு 1’ டைனமிக் கான்ட்ராஸ்டுக்கு மதிப்பு பூஜ்யம்.

‘72 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ (பழைய டி.வி. நிற அளவுகோல்) என்றால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி. அளவு. 45 என்று இருந்தால் ஓடிவிடுங்கள், சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும்.

‘எச்.டி.ஆர் 400’க்கு லோக்கல் டிம்மிங் (இருண்ட பகுதியில் மட்டும் பேக்லைட்டைக் குறைப்பது) கட்டாயமில்லை. கறுப்பு அதே பழைய கறுப்பு. அணைத்து வைப்பதே மேல்.

பிப்ரவரி 7, காலை 8.10 (அல்சூர் வாசகர்)

கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று நல்ல வெள்ளை, மற்றது மஞ்சள். வெள்ளையாக இருப்பதுதானே சரி?

பிப்ரவரி 7, காலை 8.35

பக்கத்தில் வைத்தால் நீலம் கலந்ததுதான் எப்போதும் ‘நல்ல வெள்ளை’யாகத் தெரியும். கண் சில நிமிடத்தில் எதற்கும் பழகிவிடும், அதனால் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மெனுவில் இரண்டின் நிற வெப்பநிலையையும் (வெள்ளை நீலமாகவா மஞ்சளாகவா என்பதன் அளவு) 6500 கெல்வினுக்குக் கொண்டுவந்து, பிறகு சாம்பல் 128 படத்தைப் போடுங்கள். சாம்பலில் பச்சையோ ரோஸோ இருக்கிறதா, இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே நிறமா என்பதுதான் கேள்வி. நீலம்-மஞ்சள் சாய்வை மெனுவில் திருத்தலாம். இடத்துக்கு இடம் மாறும் நிறத்தை யாராலும் திருத்த முடியாது.

நம் வீடுகளில் டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை என்பதால் 6500 திரை இயல்பாகத் தெரியும். மஞ்சள் பல்பு போட்ட அறையில் அதே திரை நீலமாகத் தெரியும். மானிட்டர் மாறவில்லை.

பிப்ரவரி 7, இரவு 8.45

லீஸ் முடிந்து வந்ததை வாங்குகிறவருக்கு மட்டும். அந்த மானிட்டர்கள் பெரும்பாலும் நல்ல ஆபீஸ் ரகம், ஸ்டாண்டே தனி மதிப்பு. ஆனால் நாள்தோறும் ஒரே படத்தைக் காட்டியவை. சாம்பல் 60, 128 படங்களில் அடிவிளிம்பில் டாஸ்க்பார் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். ஐ.பி.எஸ்ஸில் லேசான நிழல் என்றால் சில மணி நேரம் வெள்ளைப் படம் ஓடவிட்டால் மறையக்கூடும். விளிம்பு ஓரமாக மஞ்சள் படிந்திருந்தால் மறையாது.

அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மேட் பூச்சில் கீறலும், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயால் பூச்சு உரிந்த திட்டும் அப்போதுதான் தெரியும். பிறகு வெள்ளைப் படம் போட்டு, விரல் அழுத்திய வெளிச்சப் புள்ளிகளைத் தேடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றியதன் அடையாளம். சில மானிட்டர்களின் மெனுவிலேயே ஓடிய மணிக்கணக்கு இருக்கும், கேட்டால் கடைக்காரரே காட்டுவார். பிரைட்னஸ் 100இல் வைத்தும் 150 நிட்ஸைத் தாண்டவில்லை என்றால் பேக்லைட் களைத்துவிட்டது.

பிப்ரவரி 7, இரவு 9.10

‘ஒரு பிக்சல்தானே சார்’ என்பார்கள். அதற்கும் ஒரு பழைய தரநிர்ணயம் இருந்தது. ஐ.எஸ்.ஓ 13406-2இன் இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2, துணைப்பிக்சல் கோளாறு 5 வரை ஏற்கத்தக்கது. 1920×1080இல் இருப்பது 20.7 லட்சம், ஆக நான்கு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் குறையில்லை என்று வாதாடலாம். பின்னால் வந்த ஐ.எஸ்.ஓ 9241 வரிசையிலும் வகுப்பு முறை தொடர்கிறது. அதனால் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள், பில்லுக்குப் பின் பேச்சில்லை. எரியும் புள்ளி கறுப்புப் படத்திலும், செத்த புள்ளி வெள்ளைப் படத்திலும் தெரியும். விளிம்பு கூர்மையாக இல்லாமல் கரைந்திருந்தால் அது உள்ளே போன தூசி.

பிப்ரவரி 8, காலை 7.00

தமிழ் எழுத்துக்கான சோதனையை யாரும் கேட்கவில்லை, நானே போடுகிறேன். நோட்பேடில் நிர்மலா யூ.ஐ., 9 பாயின்ட், இந்த வரி: மண்ணெண்ணெய், விஞ்ஞானம், கண்ணன், அஃது, நன்னன். 100 சதவீத ஸ்கேலிங்கில் அது 12 பிக்சல் உயரம்தான். ண-வின் சுழிகளை ன-விலிருந்து பிரித்துப் படிக்க முடிகிறதா, மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்கிறதா, ஞ-வின் உள்வளைவு அடைந்துபோகிறதா? ஆங்கில எழுத்துக்குப் போதுமான திரை இதில் தோற்கும். 27 இன்ச் 1920×1080 தோற்பது பெரும்பாலும் இங்கேதான், எழுத்து சிறிதாக இருப்பதால் அல்ல, படி படியாக உடைவதால்.

விளிம்பில் சிவப்பும் நீலமும் தெறித்தால் விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் என்று தட்டி ஒரு முறை ஓடவிடுங்கள். துணைப்பிக்சல் வரிசை தலைகீழாக உள்ள பேனலை அது கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஷார்ப்னஸை ரீசெட்டில் இருந்த எண்ணிலேயே விடுங்கள். ஏற்றினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வரும், புள்ளி அதில் கரையும்.

பிப்ரவரி 9, மாலை 6.40 (கேள்வி கேட்டவர்)

24 ஐ.பி.எஸ்ஸையே எடுத்துவிட்டேன். கறுப்புத் தீமில் வி.ஏ. வால் இழுத்தது, கடைக்காரரே பார்த்துச் சிரித்துவிட்டார். 186 பட்டை கரைகிறது, நிழல் இல்லை. ஆனால் இந்த மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் வி.ஜி.ஏ.வும்தான் இருக்கின்றன, என் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ மட்டும். கடையில் கொடுத்த டிஸ்ப்ளேபோர்ட்-எச்.டி.எம்.ஐ கேபிளில் படமே வரவில்லை. மானிட்டர் போச்சா?

பிப்ரவரி 9, மாலை 6.55

மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை: கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், திரையில் எச்.டி.எம்.ஐ என்றால் மட்டும் ஓடும். உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. எச்.டி.எம்.ஐ-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஆக்டிவ் கன்வர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் பவருக்குத் தனியாக ஒரு யூ.எஸ்.பி. வால் தொங்கும், அதையும் சொருக வேண்டும். 1920×1080, 60 ஹெர்ட்ஸுக்குச் சாதாரணமானதே போதும். லேப்டாப்பில் படம் அனுப்பும் டைப்-சி துளை இருந்தால் அதிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேர் கேபிள் இன்னும் நல்லது, வரம்புத் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது. வி.ஜி.ஏ.வை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் இணைத்தாலும் கறுப்பு, வெள்ளைச் சதுரப் படங்களை மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள், கன்வர்ட்டரும் 16-235 விளையாடக்கூடும்.